விளக்கக் கையேட்டில் அச்சாகாத பக்கம்: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை முன்வைத்து

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு தனியார் பல்கலைக்கழகங்களின் விளக்கக் கையேடுகள் ஊரெல்லாம் புழங்க ஆரம்பித்துவிடும். கல்விக் கண்காட்சிக்குப் போனால் பை நிறையத் தருவார்கள். வழவழ தாள், பளிச்சென்ற படங்கள், கையில் எடுத்தால் வசதியான வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மாதிரி கனம். சில வருடங்களாக இவற்றை நான் சேர்த்து வைக்கிறேன். உயர்கல்வி பற்றிக் குறிப்பெடுக்கிற ஆளுக்கு இதுவும் ஓர் ஆவணம்தானே.

பத்துப் பதினைந்தை வரிசையாகப் படித்துப் பாருங்கள், எல்லாம் ஒரே வார்ப்பு. முதல் பக்கத்தில் நிறுவனர் படம், பக்கத்தில் அவருடைய கனவு. அடுத்து ஏக்கர் கணக்கு. பிறகு நாக் தரம், தரவரிசை எண், வெளிநாட்டுப் பல்கலைகளோடு போட்ட ஒப்பந்தங்கள். நடுப்பக்கம் முழுக்க வேலைவாய்ப்பு: கம்பெனிகளின் சின்னங்கள், 'அதிகபட்ச ஆண்டு ஊதியம்' என்று கொட்டை எழுத்தில் ஒரு தொகை. கடைசியில் விடுதி, சாப்பாடு, நீச்சல் குளம். கட்டணம் எவ்வளவு என்று தேடினால் 'விவரங்களுக்குத் தொடர்பு கொள்ளவும்' என்று ஒரு செல்பேசி எண் இருக்கும்.

இந்தக் கையேடுகள் பொய் சொல்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. ஏக்கர் உண்மை, கட்டடம் உண்மை, நீச்சல் குளத்தில் தண்ணீரும் இருக்கலாம். என் விமர்சனம் வேறு. 'எங்களிடம் என்னவெல்லாம் இருக்கிறது' என்ற ஒரு கேள்விக்கு மட்டும்தான் இவை பதில் சொல்கின்றன. சேரப்போகிற பிள்ளைக்கும், நகையை அடகு வைத்துப் பணம் கட்டப்போகிற பெற்றோருக்கும் தெரிய வேண்டிய கேள்வி இன்னொன்று: நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் இங்கே யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? அந்தப் பக்கம் மட்டும் எந்தக் கையேட்டிலும் அச்சாவதில்லை.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று காட்ட ஓர் உதாரணம் வேண்டும். இப்போதுள்ள தனியார் பல்கலைகள் பெரும்பாலும் இளவயதுக்காரை. முழு ஆயுளை நாம் இன்னும் பார்க்கவில்லை. பிறந்து, வளர்ந்து, கொடிகட்டிப் பறந்து, நொடிந்து, கைமாறியதுவரை முழுக்கதையும் நமக்குத் தெரிந்த இடம் ஒன்று உண்டு. சிதம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகம்.

கையேடு எழுதியிருந்தால்

அண்ணாமலைக்கு ஒரு கையேடு எழுதச் சொன்னால் எவருக்கும் கை வலிக்கும், அவ்வளவு பெருமை இருக்கிறது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து தமிழ்க் கல்லூரி, வடமொழிக் கல்லூரி. தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக வந்தவர் உ.வே. சாமிநாதையர். பிறகு இந்தக் கல்லூரிகள் அத்தனையையும், கூட 20 லட்சம் ரூபாயையும் கொடுத்து, ஒரு பல்கலைக்கழகம் அமைக்கும்படி அன்றைய சென்னை மாகாண அரசைக் கேட்டார். 1928-இன் சட்டப்படி 1929-இல் பல்கலைக்கழகம் பிறந்தது. அன்றைக்கு 20 லட்சம் என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதை நம் பாட்டன் காலத்துப் பத்திரங்களில் நிலத்தின் விலையைப் பார்த்தால் புரியும்.

பணத்தைவிட முக்கியம், அந்தப் பணம் எதற்குப் போனது என்பது. தமிழ்ப் பகுதியில் பல்கலைக்கழகம் என்றாலே சென்னைதான் என்றிருந்த காலத்தில், ஒரு கோயில் ஊரில், மாணவர்கள் தங்கிப் படிக்கிற பல்கலைக்கழகம். ஊர் ஊராகக் கல்லூரிகளை இணைத்துக்கொண்டு பரீட்சை மட்டும் நடத்துகிற வேலை அன்று அதற்கு இல்லை. தன் வளாகத்தில் தானே பாடம் நடத்தியது. 1931-இல் தமிழ்ப் பேராசிரியராக விபுலானந்த அடிகள் வந்தார், மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து. அவருக்குப் பின் சோமசுந்தர பாரதியார். வி.எஸ். சீனிவாச சாஸ்திரி துணைவேந்தராக இருந்தார். நெடுஞ்செழியனும் அன்பழகனும் இங்கே படித்தவர்கள். 1941-இல் தமிழிசைக்கென்று மாநாடு கூடியது இந்த வளாகத்தில்தான். மேடைக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்குத் துக்கடா இடம்தான் என்றிருந்த நிலையை எதிர்த்து ஒரு செல்வந்தர் காசு செலவழித்தார். 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்த போராட்டத்தில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான மாணவர் ராஜேந்திரன் இந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்.

இதெல்லாம் லாபக் கணக்கு பார்க்கிறவர் செய்கிற காரியம் இல்லை. வடமொழிக் கல்லூரியிலும் தமிழ்க் கல்லூரியிலும் என்ன லாபம் வரும்? தனியார் என்றாலே கொள்ளை என்று முடிவு கட்டிவிட்டுப் பேசுகிறவர்களுக்கு இந்த முதல் ஐம்பது வருடம் பதில் சொல்லும். நானும் அதை மறுக்கப் போவதில்லை.

சட்டத்தில் இருந்த ஒரு ஏற்பாடு

இப்போது அச்சாகாத பக்கத்துக்கு வருவோம். பல்கலைக்கழகத்தை உண்டாக்கிய சட்டத்தில் வேந்தர் ஆளுநர்தான். ஆனால் இணைவேந்தர் பதவி நிறுவனருக்கு. அவருக்குப் பின் அவர் வாரிசுக்கு. துணைவேந்தர் நியமனத்துக்குப் பெயர்ப் பட்டியல் போவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். அதாவது அரசுச் சட்டத்தால் பிறந்து, அரசு மானியம் வாங்கி, ஒரு குடும்பத்தின் கையில் நடக்கிற பல்கலைக்கழகம். அரசா தனியாரா என்று கேட்டால் இரண்டும்தான். அண்ணாமலைச் செட்டியார், மகன் முத்தையா செட்டியார், பேரன் எம்.ஏ.எம். ராமசாமி என்று மூன்று தலைமுறை, 2013 வரைக்கும் இந்த ஏற்பாடு ஓடியது.

கொடுத்தவருக்கு மரியாதை செய்வது தப்பில்லை. நம் ஊரில் கோயிலுக்கு விளக்கு வாங்கித் தந்தால்கூட உபயம் என்று பேர் பொறிப்பார்கள். ஆனால் உபயதாரருக்கு முதல் மரியாதை தருவது வேறு, கருவறைச் சாவியை அவர் பேரப்பிள்ளைக்கும் எழுதிவைப்பது வேறு. முதல் தலைமுறை நல்லவராக, தாராளமானவராக இருந்ததால் அந்தச் சாவியின் ஆபத்து யார் கண்ணிலும் படவில்லை. நல்ல மனிதரை நம்பி எழுதப்பட்ட ஏற்பாட்டில், பின்னால் வருகிறவர் எப்படி இருப்பார் என்பதற்கு எந்தக் காப்பும் இல்லை.

கையேட்டின் முதல் பக்கத்தில் நிறுவனர் படம் ஏன் வருகிறது என்பதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். அந்தப் படம் உங்களிடம் நம்பிக்கையைக் கேட்கிறது. 'இவரை நம்பி வாங்க' என்கிறது. ஒரு பட்டம் என்பது ஐம்பது வருடம் உழைக்க வேண்டிய சாமான். நிறுவனருக்கு இப்போதே அறுபது எழுபது வயது. உங்கள் பெண் தன் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலையப்போகிற காலத்தில் அந்த நாற்காலியில் யார் இருப்பார், அவரை யார் தட்டிக் கேட்க முடியும்?

வளர்ச்சி, பிறகு சரிவு

1945-இல் பொறியியல் வந்தது. 1979-இல் தொலைதூரக் கல்வி. இதன் நன்மையைக் குறைத்துப் பேசக்கூடாது. பகலில் வேலைக்குப் போய், ராத்திரி படித்து, ஞாயிற்றுக்கிழமை பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கிய குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர்! என் உறவிலேயே 'அண்ணாமலை கரஸ்' என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. அந்தப் பட்டத்தால் பதவி உயர்வு வாங்கியவர்கள். 1980-களில் பல் மருத்துவக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி. வளாகம் பெருத்தது, ஆட்களும் பெருத்தார்கள். 2012 வாக்கில் ஆசிரியர், அலுவலர், ஊழியர் என்று ஏறத்தாழ 12 ஆயிரம் பேர் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்கு இது எந்தக் கணக்கில் பொருந்தும் என்று கேட்டுப் பாருங்கள். கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் வருடக்கணக்காகக் கேட்கவில்லை.

2012 இறுதியில் பானை உடைந்தது. பணமில்லை, ஆள் குறைக்க வேண்டும், சம்பளத்தைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் பேச, ஊழியர்கள் போராட்டத்தில் இறங்க, பல்கலைக்கழகம் காலவரையின்றி மூடப்பட்டது. 2013 ஏப்ரலில் அரசு ஓர் ஐஏஎஸ் அதிகாரியை நிர்வாகியாகப் போட்டது. நிதி நிர்வாகத்தில் சீர்கேடு என்பது அரசு சொன்ன காரணம். அதே வருடம் புதுச் சட்டம். குடும்ப உரிமை முடிந்தது. அண்ணாமலை மற்ற அரசுப் பல்கலைகளைப் போல ஒன்றானது. உபரி என்று கணக்கிடப்பட்ட ஊழியர்கள் பிற்பாடு ஆயிரக்கணக்கில் மற்ற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

இந்தக் கதையில் மாணவர் எங்கே என்று தேடுங்கள். ஆள் எடுத்தபோது அவரைக் கேட்கவில்லை. கணக்கு இடித்தபோது அவருக்குச் சொல்லவில்லை. கதவு மூடியபோதுதான், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகச் சொல்லி, அவருக்குத் தகவல் வந்தது.

அரசு எடுத்துக்கொண்டால் தீர்ந்ததா?

இங்கே நிறுத்தினால் கதை சுலபமாக இருக்கும். தனியார் கெடுத்தார், அரசு காப்பாற்றியது, சுபம். நடந்தது அப்படி இல்லை.

2013-க்குப் பின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி அரசுப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி. ஆனால் கட்டணம் மட்டும் பழைய தனியார் கட்டணம். எம்.பி.பி.எஸ். மாணவர் வருடத்துக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் கட்டினார். மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அதே படிப்புக்குப் பதிமூன்றாயிரம் சொச்சம். 'அரசு கல்லூரின்னா அரசு ஃபீஸ் வாங்குங்க' என்று அவர்கள் கேட்டதில் என்ன தப்பு? 2020 டிசம்பரில் தொடங்கிய போராட்டம் வாரக்கணக்கில் நீண்டது. 2021 ஜனவரி இறுதியில்தான் கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக ஆக்கும் ஆணை வந்தது. கைமாறி ஏழரை வருடம் கழித்து. இடையில் படித்து முடித்துப் போனவர்கள் கட்டியது கட்டியதுதான்.

இரண்டாவது சம்பவம் இன்னும் சங்கடமானது. 2022 மார்ச்சில் யுஜிசி ஓர் அறிவிப்பு விட்டது: அண்ணாமலையின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம், அதற்குப் பின் அனுமதி இல்லாமல் சேர்த்த சேர்க்கைக்கு நாங்கள் பொறுப்பில்லை, விளைவு பல்கலைக்கழகத்தையே சேரும். அந்தத் தேதியைக் கவனியுங்கள். அரசு எடுத்துக்கொண்டு ஒன்றிரண்டு வருடத்தில் அங்கீகாரம் தீர்ந்திருக்கிறது, சேர்க்கை தொடர்ந்திருக்கிறது, எச்சரிக்கை வந்ததோ ஏழாவது வருடத்தில். அதற்குள் சேர்ந்து, பணம் கட்டி, பரீட்சை எழுதி, சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டியவர்கள் எத்தனை பேர்? பல்கலைக்கழகத்துக்கும் யுஜிசிக்கும் இடையே வழக்கு இருக்கலாம், இருவருக்கும் வாதம் இருக்கலாம். சேர்ந்தவருக்கு அந்த வாதத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை.

ஆக, அண்ணாமலையிலிருந்து நான் எடுத்துக்கொள்கிற பாடம், தனியார் கெட்டது, அரசு நல்லது என்பதல்ல. யார் கையில் இருந்தாலும், கேள்வி கேட்கிற ஏற்பாடு உள்ளே இல்லாத பல்கலைக்கழகத்தில், விஷயம் கடைசியாகத் தெரியவருகிற ஆள் மாணவர். அவர்தான் முதலில் பணம் கட்டியவரும்.

'பல்கலைக்கழகம்' என்ற பலகைக்குப் பின்னால்

இப்போது உங்கள் கையில் இருக்கிற கையேட்டுக்கு வருவோம். பல்கலைக்கழகம் என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் தமிழ்நாட்டில் வெவ்வேறு சட்ட ஜாதகங்கள் இருக்கின்றன.

நாம் 'தனியார் யுனிவர்சிட்டி' என்று சொல்வதில் பெரும்பாலானவை சட்டப்படி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். 1956-ஆம் ஆண்டின் யுஜிசி சட்டத்தில் மூன்றாம் பிரிவு என்று ஒன்று உண்டு; அதன்படி மத்திய அரசு ஒரு நிறுவனத்தைப் பல்கலைக்கழகமாகக் கருதலாம் என்று அறிவிக்கும். பிறந்தது கல்லூரியாக, மதிப்பு பல்கலைக்கழகமாக. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இவர்கள் 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லைத் தனியாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்றது. பெயருக்குப் பின்னால் பொடி எழுத்தில் 'நிகர்நிலை' என்று வருவதன் ரகசியம் இதுதான்.

அந்தத் தீர்ப்பின் மூல வழக்கு இன்னும் முக்கியம். நான்கு நிகர்நிலை நிறுவனங்கள், அதில் ஒன்று தமிழ்நாட்டைச் சேர்ந்தது, அனுமதியின்றித் தொலைதூர முறையில் பொறியியல் பட்டம் கொடுத்திருந்தன. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. மீண்டும் ஒரு பரீட்சை எழுதித் தேறினால்தான் உயிர் வரும் என்றார்கள். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. பத்துப் பன்னிரண்டு வருடம் இன்ஜினியராக வேலை பார்த்த மனிதர், நாற்பது வயதில், பிள்ளை பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தானும் படிப்பதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது வகை, மாநிலச் சட்டத்தால் அமைகிற தனியார் பல்கலைக்கழகம். தமிழ்நாட்டில் இதற்குப் பொதுச் சட்டம் 2019-இல்தான் வந்தது. 100 ஏக்கர் ஒரே தொடர்ச்சியாக வேண்டும் என்றது. 2025 அக்டோபரில் அதைத் திருத்த மசோதா வந்தது. மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கர் போதும், ஏற்கெனவே இருக்கிற கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகமாக மாறிக்கொள்ளலாம் என்பது சாரம். சட்டமன்றத்தில் நிறைவேறியும்விட்டது. ஆசிரியர் சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்த பிறகு அரசு பின்வாங்கியது. அந்த விவாதத்தில் எத்தனை ஏக்கர் என்பதைப் பற்றி நிறையப் பேசினார்கள். இடையில் இப்படி மாறினால் ஏற்கெனவே படிக்கிற மாணவரின் கட்டணமும் இடஒதுக்கீடும் என்னாகும் என்பது ஆசிரியர் சங்கங்களின் குரலாகத்தான் ஒலித்தது. கையேடு அச்சிடுகிறவர்கள் யாரும் அதைப் பேசவில்லை.

'சட்டசபையே நிறைவேத்திட்டா அப்புறம் என்ன பயம்' என்று கேட்பவர்களுக்குச் சத்தீஸ்கரை நினைவூட்டலாம். 2002-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டு, வெறும் அறிவிப்பாணை மூலம் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி தந்தது. கொஞ்ச காலத்தில் 112 பல்கலைக்கழகங்கள். பலவற்றுக்கு வளாகமே கிடையாது. விஞ்ஞானி யஷ்பால் வழக்குப் போட்டார். 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளைச் செல்லாது என்றதும் 112-ம் ஒரே நாளில் போயின. படித்துக்கொண்டிருந்தவர்களைக் காக்க, அந்த நிறுவனங்களை மாநில அரசுப் பல்கலைகளோடு இணைக்கச் சொல்லி நீதிமன்றமே வழி சொல்ல வேண்டியிருந்தது.

கையேட்டை எப்படி வாசிப்பது

விமர்சனம் செய்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு போவதில் பயனில்லை. நான் ஒரு கையேட்டை வாசிக்கிற விதத்தைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊதியம். 'அதிகபட்சம்' என்பது ஒரே ஒரு பிள்ளையின் சம்பளம். அந்தப் பிள்ளை எங்கே படித்திருந்தாலும் வாங்கியிருக்கும். உங்களுக்கு வேண்டியது நடு ஊதியம்: வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிறவர் வாங்குவது. தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப்-க்கு ஒவ்வொரு நிறுவனமும் இந்த எண்ணைத் தந்தாக வேண்டும். தந்த விவரத்தைத் தன் இணையதளத்திலும் போட வேண்டும். சேர்ந்தவர் எத்தனை, குறித்த காலத்தில் முடித்தவர் எத்தனை, வேலைக்குப் போனவர் எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கும். நடுப்பக்கத்தையும் இந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நிறுவனமா என்று சந்தேகம் வரும்.

தரவரிசை. என்ஐஆர்எஃப் மதிப்பெண்ணில் ஆராய்ச்சிக்கு 30 விழுக்காடு. ஆய்வுக்கட்டுரை எண்ணிக்கை ஏறினால் இடம் ஏறும். அந்தக் கட்டுரை எழுதுகிறவர் உங்கள் பிள்ளைக்கு முதலாண்டு கணிதம் எடுக்கப்போகிறாரா என்பதை எந்த எண்ணும் சொல்லாது. தரவுகளும் நிறுவனங்கள் தாமே தருபவை.

நாக் தரம். 3.51-க்கு மேல் புள்ளி எடுத்தால் ஏ பிளஸ் பிளஸ். 2025 பிப்ரவரியில் ஆந்திராவின் குண்டூர்ப் பக்கம் ஒரு நிறுவனத்துக்கு இந்தத் தரம் தர லஞ்சம் வாங்கியதாக, பார்வையிட வந்த குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சிபிஐ கைது செய்தது. இதனால் எல்லாத் தரமும் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த எழுத்துகளை மட்டும் பார்த்து வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

கட்டணம். நம் ஊர்ப் பெற்றோர் அதிகம் தவறவிடுவது இதை. அண்ணா பல்கலைக்கழக இணைவு பெற்ற தனியார் பொறியியல் கல்லூரியில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை உண்டு; அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. 69 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. நிகர்நிலைகள் அந்தக் கலந்தாய்வுக்கு வெளியே. தாங்களே தேர்வு வைத்துத் தாங்களே சேர்க்கிறார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம் நான்கு வருடத்தில் லட்சக்கணக்கு.

பணத்தைத் திரும்ப வாங்குவது. கலந்தாய்வு முடிவதற்குள் 'சீட் போயிடும்' என்று அவசரப்படுத்திக் கட்ட வைப்பார்கள். யுஜிசியின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்குப் 15 நாள் முன்பே விலகினால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும், ஒரு சிறு கைச்செலவுத் தொகை நீங்கலாக. கடைசி நாளுக்குள் 90 விழுக்காடு. அதற்குப் பின் 15 நாளுக்குள் 80. 30 நாளுக்குள் 50. அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை.

கடைசியாக ஒன்று, இந்தக் கட்டுரைக்கே மையமானது. யுஜிசியின் 2023 மாணவர் குறைதீர்ப்பு விதிகளின்படி, சேர்க்கை தொடங்குவதற்கு 60 நாள் முன்பே ஒவ்வொரு நிறுவனமும் ஒரு விளக்க ஏட்டை வெளியிட வேண்டும். அதில் ஒவ்வொரு படிப்புக்கும் எத்தனை இடம், எல்லாக் கட்டணமும், திரும்பத் தரும் விகிதம், ஆசிரியர்கள் யார் யார், அவர்களுடைய தகுதி என்ன என்பதெல்லாம் இருக்க வேண்டும். அந்த ஏட்டில் தவறான தகவல் தந்தால் அதுவே ஒரு குறை. மாணவர் புகார் செய்யலாம். புகாரைக் கேட்கக் குழுவும், அதற்கு மேல் ஒரு குறைதீர்ப்பாளரும் இருக்க வேண்டும். அதாவது சட்டம் கேட்கிற ஏடு ஒன்று. கண்காட்சியில் நமக்குத் தருகிற ஏடு வேறொன்று. முதலாவதைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடம், பணம் கட்டிய பிறகு எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் அந்த முகத்திலேயே காட்டிவிடும்.

ஓர் ஆட்சேபம்

'இதெல்லாம் பேச நல்லாத்தான் இருக்கு. அரசு யுனிவர்சிட்டி லட்சணம் என்ன? எங்க பிள்ளைய எங்கதான் சேர்க்கறது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலிருந்து துணைவேந்தர் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் பட்டமளிப்பு தள்ளிப்போய் வேலைக்கும் மேற்படிப்புக்கும் மாணவர்கள் தவித்தார்கள். ஆசிரியர் இடங்கள் நிரப்பப்படாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிற துறைகள் எத்தனையோ. தனியாரில் வகுப்பு நேரத்துக்கு நடக்கிறது, பரீட்சை முடிவு நேரத்துக்கு வருகிறது, ஆய்வுக்கூடத்தில் கருவி வேலை செய்கிறது. இவை சின்ன விஷயங்கள் அல்ல. அங்கே சேர்கிறவர்களை ஏமாளிகள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். நல்ல ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். நன்றாகப் படித்து வெளியே வந்தவர்களும் இருக்கிறார்கள்.

நான் சொல்வது, சேருங்கள், ஆனால் பார்வையாளராகச் சேராதீர்கள் என்பதே. நிலம் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? மண் எவ்வளவு செழிப்பு, கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பதோடு நிற்பதில்லை. வில்லங்கச் சான்று போட்டு, தாய்ப்பத்திரம் கேட்டு, நாலு பேரிடம் விசாரித்துத்தான் முன்பணம் தருகிறோம். பிள்ளையின் நான்கு வருடத்துக்கும், அதன்பின் ஐம்பது வருடத்துக்கும் அந்தக் கவனம் வேண்டாமா?

ஆகவே, கவுண்டரில் பணம் கட்டும் முன் இந்த ஐந்தைக் கேளுங்கள். இது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் பல்கலைக்கழகம்? நான் சேரும் இந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, இந்த வருடத்துக்கு, அனுமதிக் கடிதம் எங்கே? போன வருட நடு ஊதியம் எவ்வளவு? விலகினால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு திரும்ப வரும்? குறைதீர்ப்பாளர் பெயர் என்ன, அவரை எப்படிப் பார்ப்பது? பதிலை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாளையும் கட்டண ரசீதோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.